பெட்டிச் சங்கத்தின் கொப்பி போன இடம்

என் மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், ஆடு இரண்டும் சுகம், உன் அப்பா நட்ட மேரக்காய்க் கொடி கூரைவரை ஏறிவிட்டது. இப்போது நீ கோயில் மண்டபத்தில் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பாய். "அம்மா சங்கத்துக்கு நாலு வார்த்தை எழுதியிருக்கேன், நீயே படி" என்று உறையை ஒட்டிக் கொடுத்தபோது, ஏதோ வாழ்த்து என்று நினைத்திருப்பாய். வாழ்த்து இல்லை ராசா. ஆனாலும் நடுவில் நிறுத்தாதே. முற்றுப்புள்ளி வரும்வரை மூச்சு விடாமல் வாசி என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரட்டுவாயாமே, அப்படி வாசி. நான் இரண்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினவள். இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வாசிக்க உனக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

ஏன் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்கிறேன் என்றால், போன வருசம் அப்பாவின் பதினாறாம் நாளன்று நீ ஒரு வார்த்தையை இதே மண்டபத்தில் எல்லோர் முன்னாலும்தான் சொன்னாய். சங்கத்துப் பேர்க்கொப்பியைப் பதுளைக்கடை நானா தொலைத்துவிட்டார் என்று சொன்னாய். அன்றைக்கு மண்டபத்தைவிட்டு இறங்கிப் போன மனுசர் அதற்குப் பிறகு தானாக இந்தத் தோட்டத்து மலை ஏறவில்லை. வருகிற தையில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பேரை நீ வரிசையாக எழுதிக்கொண்டு வந்து காட்டினாய். ஹாலிஎலயில் பெண் வீட்டார் சொன்ன ஆட்கள், உன்னோடு படிப்பிக்கிற வாத்தியார்மார், நம் லயத்து ஆட்கள் எல்லோர் பேரும் இருந்தது. நானா பேர் இல்லை. அந்தப் பேர் அதில் இல்லாமல் போனதற்குக் காரணம் அவர் இல்லை, நான். அதைச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் மாமியாராக நிற்க எனக்குக் கால் வராது.

முதலில் இருந்தே சொல்கிறேன். இந்தச் சங்கம் என் அடுப்பில்தான் பிறந்தது. அப்போது நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போக முறை வந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் போய்க்கொண்டிருந்த காலம். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் சுவரை ஒட்டி இருந்த பக்கத்துக் காம்பராக்காரர்கள் போகிற அன்று, கொண்டுபோக முடியாத சட்டி பானைகளோடு ஒரு கட்டுப் பழைய கடதாசியையும் என்னிடம் தந்தார்கள். அடைமழை. விறகு பச்சை. ஊதி ஊதிக் கண் எரிந்து, அந்தக் கட்டில் பாதியை உருவி அடுப்பில் செருகினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து உன் அப்பா உள்ளே வந்தார்.

"என்னா புள்ள எரிக்கிற?"

"பழைய கடதாசிங்க. அவுங்க குடுத்துட்டுப் போனது."

வெறுங்கையை அடுப்புக்குள் விட்டார். வெளியே எடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு ஆள் மாறும்போது அந்தக் காலத்தில் எழுதிக் கொடுப்பார்களே, அது. பாதி கருகிவிட்டது. மீதிப் பாதியில் அந்த வீட்டுப் பெரியவரின் பேரும், அவர் வந்த ஊரின் பேரும் இருந்தன. "பாருடி, அந்த மனுசன் இந்த மலையில நாப்பது வருசம் கவாத்து வெட்டுனாரு. அவரு இங்க இருந்ததுக்கு இந்தப் பாதிதான் சாட்சி. மீதியில நீ தேத்தண்ணி வச்சுட்ட" என்றார். கோபித்துக்கொண்டே அந்தத் தேத்தண்ணியையும் குடித்தார். கொப்புளம் போட்ட விரலுக்கு நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். அந்த விரலை நீட்டி நீட்டித்தான் ஒவ்வொரு லயத்திலும் போய்ப் பேசினார். "கடதாசிய எரிக்காதீங்க, எங்கிட்ட குடுங்க" என்று கேட்டார்.

அப்பா ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர் என்பதால் அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் எந்த மழைக்கும் ஈரம் ஏறாது. கழித்துப் போட்ட ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, துண்டுச் சீட்டு, பிறந்த பத்திரம், பழைய படம், இந்தியாவில் இருந்து வந்த கடிதம் எல்லாவற்றையும் அதில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் வைத்தார். என் அடுப்பில் கருகியதுதான் ஒன்றாம் நம்பர். சங்கத்துக்குப் பெரிய பேர் ஒன்று வைத்தார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை. மலையில் எல்லோரும் பெட்டிச் சங்கம் என்றே சொன்னோம். பதுளை பஜாரில் கொப்பி, பென்சில் விற்கிற நானா தானாக வந்து சேர்ந்தார். "எங்கட வாப்பாவும் தோட்டம் தோட்டமாச் சுமந்து யாவாரம் செஞ்சவர்தான், எனக்கும் இதில பங்கு ஈக்கி" என்றார். அவர் கடையில்தான் அப்பா ஒரே நாளில், ஒரே மாதிரி, மண்ணிற அட்டை போட்ட இரண்டு பெரிய கொப்பிகள் வாங்கினார். ஒன்றில் லயம் லயமாக, காம்பரா காம்பராவாக, யார் குடும்பம், எந்த ஊரில் இருந்து வந்தவர்கள் என்று எழுதினார். மற்றதில், மாசியில் ரதி மன்மதன் வேசம் கட்டி ஆடுகிற காமன் கூத்துப் பாட்டுகளை எழுதினார். மழைக்குப் பயந்து இரண்டையும் ஈயத்தாளில் சுற்றி வாழைநாரால் கட்டி வைப்பார். இந்த ஈயத்தாளை ஞாபகத்தில் வைத்துக்கொள், அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பேர்க்கொப்பியை டைப் அடித்து இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நானா பதுளைக்குக் கொண்டுபோனார். டைப் அடிக்கிற ஆள் காய்ச்சலில் விழுந்துவிட்டான். மழையில் கொப்பியைக் கடையில் வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு நம் லயத்துக்கு வந்தார். அப்பா வேலையில் இருந்தார். என் கையில்தான் கொடுத்தார். நான் வாங்கி, ஈயத்தாளில் சுற்றி, பாட்டுக்கொப்பி பக்கத்தில் வைத்தேன். மனுசருக்குப் பால் போடாத ஒரு பிளேன்டி கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை ஃபெக்டரியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

அந்த ஒரு வரியை எழுதவே இந்த ஒரு மாதத்தில் ஒரு முழுக் கிழமை போனது. மீதியை எழுதிவிடுகிறேன். அவரோடு வேலை செய்தவர்கள் தேயிலைப் பெட்டிப் பலகையிலேயே அவருக்குப் பெட்டி செய்து, உள்ளே பளபளவென்று ஈயத்தாள் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். பெட்டிக்காரருக்கு அவர்கள் செய்த மரியாதை. "நான் போனா பாட்டுக்கொப்பிய எந் தலைமாட்டுல வச்சிரு புள்ள, அங்க மாசி மாசம் கூத்து இருக்குமோ என்னவோ" என்று எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். உள்ளே ஓடி, சுற்றிக் கட்டியிருந்த ஒன்றை எடுத்து வந்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு எது பிரித்துப் பார்க்கிற நிலைமை? பக்கத்தில் நின்ற நீயும் பார்த்தாய், பாட்டுக்கொப்பி என்று நீயும் நினைத்தாய்.

பதினாறாம் நாள் காலையில் நீ பேர்க்கொப்பியைக் கேட்டாய். எடுத்துப் பிரித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. பக்கத்து ஓரத்தில் அவர் வரைந்த ரதியின் சடை தெரிந்தது. கையில் இருந்தது பாட்டுக்கொப்பி. கட்டி உள்ளே தள்ளிவிட்டு, "காணோம் தம்பி" என்றேன். பின்னேரம் மண்டபத்தில் நீ நானாவைப் பிடித்துக்கொண்டாய்.

"பதுளைக்குக் கொண்டுபோன கொப்பி திரும்பி வரல்ல. எங்கப்பா உசிரக் குடுத்து எழுதுனது. உங்களுக்கு அது கடல சுத்துற கடதாசியாப் போச்சா?"

"நான் திருப்பிக் கொடுத்திட்டேன் தம்பி."

"யாரு கையில?"

நானா பெண்கள் பக்கம் பார்த்தார். மூலையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அது எனக்கு மறந்து போச்சு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய். மண்டபமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லோரும் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கம் பாதி, இது பாதி. கடைசியில் ஒரு நாள் பஸ் ஏறி அவர் கடைக்குப் போனேன்.

"வாங்கோ தங்கச்சி, இரிங்கோ. கொப்பி கெடச்சிட்டா?"

"கெடைக்கல்ல நானா. ஆனா இருக்கிற எடம் தெரிஞ்சு போச்சு."

"எங்க?"

"அவரு தலமாட்டுல."

"எந்தத் தலமாட்டில?"

"இப்ப படுத்திருக்காரே, அந்தத் தலமாட்டுல."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தோள் குலுங்கியது. மனுசர் அழுகிறாரே என்று நான் பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "என்னத் தவிர ஒருத்தர்ட கையிலயும் நம்பிக் கொடுக்காத மனுசன், கடைசியில கையோட கொண்டு போய்ட்டாரே!" என்றார். அப்பா போனபிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தது அந்தக் கடைக்குள்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் நானா அன்னைக்கே சொல்லல்ல, எங் கையிலதான் குடுத்தேன்னு?" என்று கேட்டேன்.

"புருசன மண்ணுக்குக் கொடுத்துப் பதினாறு நாள். அந்த நேரம் ஒரு பொம்பளய எழுப்பிச் சாட்சி கேக்கிறதா? எண்ட பேர் இண்டைக்குப் போனா நாளைக்கு வரும்."

"வராட்டி?"

"வராட்டி நீங்க ஈக்கிறீங்கதானே."

அப்போதே வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொப்பியையாவது மறுபடி உண்டாக்கிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் வெட்கம் குறையும் என்று கணக்குப் போட்டேன். நானாவும் "உங்கட விருப்பம்" என்று விட்டுவிட்டார். அவருடைய நல்ல மனசைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு இத்தனை மாதம் தூங்கினேன். அது என் இரண்டாவது பிழை. முதல் பிழை கைத்தவறு, இது தெரிந்து செய்தது. அன்றைக்கு நான் கடையை விட்டுக் கிளம்பும்போது நானா அதே மண்ணிற அட்டையில் ஒரு புதுக் கொப்பியை எடுத்து நீட்டினார். "எனக்கு எழுத வராதுங்களே" என்றேன். "கடைக்கு வாற பிள்ளையள் எல்லாம் எழுதத் தெரிஞ்சா கொப்பி வாங்குது?" என்றார்.

அடுத்த நாள் மலையில் அஞ்சலையிடம் சொன்னேன். உன் அஞ்சலை அத்தைதான், என் பக்கத்து நிரைக்காரி. கொழுந்து எடுக்கிறபோது தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு வரிசை, அதுதான் நிரை. வருசக்கணக்கில் யார் நிரை எது என்று மாறாது. கேட்டதும் அவள் கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"தோண்டிருவமா மதினி?"

"அடி பாவி! ரோசாச் செடி வேற நட்டிருக்கேன்."

"அதுவும் சரிதான். ஈரம் ஏறாது, அவருக்கு ஈயத்தாள் ஒட்டுன பெட்டி. அண்ணே அங்க எல்லாரையும் பேர் சொல்லிப் பெரட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. நம்ம போகையில பேரு இல்லன்னு திருப்பி அனுப்பிறாம இருந்தாச் சரி" என்றாள். தேத்தண்ணி நேரத்துக்குள் விசயம் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் பெண்கள் ஒருத்திகூட எந்த ஆம்பளையிடமும் மூச்சு விடவில்லை. இப்போது மண்டபத்தில் உனக்கு வலப்பக்கம் பார், ஆம்பளைகள் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். இடப்பக்கம் பார், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

எப்படி எழுதுவது என்று வழி சொன்னவளும் அஞ்சலைதான். "லயத்துல எழுதாத மதினி. காம்பராவுக்கு ஆளு மாறிப்போச்சு. நிரையில எழுது" என்றாள். அவரவர் நிரையில் நின்றுகொண்டு, எனக்கு முன்னால் இந்த நிரையில் யார் நின்றாள், அவளுக்கு முன்னால் யார் நின்றாள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மாமியாரிடம் இருந்து மருமகளுக்கு வந்த நிரை, கப்பலேறிப் போனவள் கூட்டாளிக்கு விட்டுவிட்டுப் போன நிரை, பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே பிள்ளைக்காம்பராவில் போட்டுவிட்டு வந்து நின்ற நிரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. கை கொழுந்தில் இருக்கும், வாய் பேரில் இருக்கும். நான் மனசில் போட்டுக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது எழுதுவேன். கங்காணி கீழே இருந்து சத்தம் போட்டார்.

"அங்க என்னா கத? கை ஓடுதா, வாய் ஓடுதா?"

"ரெண்டும் ஓடுது கங்காணியாரே! உங்க அம்மாவப் பெத்தவ பேரு என்னா? சொல்லிட்டுக் கத்துங்க!" என்றாள் அஞ்சலை.

மனுசருக்குத் தெரியவில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, கோயில் கும்மிக்குப் பேர் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டோம். மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், ஒருவருக்கும் கேட்காமல், "முத்தழகுவாம்" என்று என் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். எழுதிக்கொண்டேன்.

இதோ கொப்பி நிறைந்துவிட்டது. ஒரு விசயம் சொன்னால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் லயத்துக்குப் போய் ஆம்பளைகளிடம் கேட்டு எழுதிய கொப்பியில் அப்பன் பேர், பாட்டன் பேர்தான் இருந்தது. இதில் ஆத்தா பேர் இருக்கிறது. யார் யாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தாள், வழியில் எந்தப் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தாள் என்பதும் இருக்கிறது. ஆனால் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆற்றோரத்து மலையில் மூன்று நிரைகளுக்கு முன்னால் நின்றவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் குடும்பப் பேர் அப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்த மூன்று பக்கத்தையும் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். நீ படித்தவன், இந்தியாவில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேள்.

போக வேண்டிய பாட்டுக்கொப்பி என்னிடம் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிப்பேன். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் அவர் குரல் முந்திக்கொண்டு பாடி முடித்துவிடும். அந்த ஒரு மாறாட்டத்துக்கு மட்டும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இன்றைக்கு உன்னைச் சங்கத்துக்குச் செயலாளராக எடுப்பார்களாம். கல்யாணமும் வருகிறது. புத்தி சொல்ல எனக்குப் படிப்பில்லை, பட்டதைச் சொல்கிறேன். வீட்டுக்காரி ஏதாவது ஒன்றைப் பிழையாகச் செய்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், சொல்லிவிட்டுச் சிரிக்கிற மாதிரி வீட்டை வைத்திரு. அப்பா வெந்த விரலோடு தேத்தண்ணி குடித்தாரே, அப்படி. யாராவது "மறந்து போச்சு" என்று சொன்னால், சொல்லுமுன் அவர் யாரைப் பார்த்தார் என்று நீயும் திரும்பிப் பார். அன்றைக்கு நீ ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் என் முகத்திலேயே கொப்பியை வாசித்திருப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை ராசா. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, அந்தக் கொப்பியையாவது கேட்டாய். அதை ஒளித்தவள் நான்.

இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. கடைசி வரிசையில் கதவோரம் பார். மடித்த குடையை முழங்காலில் வைத்துக்கொண்டு நானா உட்கார்ந்திருப்பார். இந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "அவரு ஞாபகத்துக்கு ஒரு கும்புடு போடணும், வாங்க" என்று நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். உன் கல்யாணப் பத்திரிகைகளில் முதலாவதை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலையோடு என் மடியில் வைத்திருக்கிறேன். இதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து அதை வாங்கிக்கொள். நானா கையில் கொடுத்துவிட்டு வந்தபிறகு இந்தக் கடதாசிக்கும் ஒரு நம்பர் போட்டுப் பெட்டியில் வை, ஒன்றாம் நம்பருக்குப் பக்கத்திலேயே. ஆனால் முதலில் கிளம்பு. அந்த மனுசரை எனக்குத் தெரியும், உனக்குக் கஷ்டம் வேண்டாம் என்று தானே எழும்பி வந்துவிடுவார். அவர் எழும்புமுன் நீ போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.